விலாடே டிவாட்ஸ்

விலாடே டிவாட்ஸ் (பிறப்பு: பெப்ரவரி 3, 1968) செர்பியாவைச் சேர்ந்த முன்னாள் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். 2.16 மீட்டர் உயரமுடைய இவர் நடுநிலை ஆட்டக்காரராக விளையாடினார். ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் (என்.பி.ஏ.) 1989 முதல் 2005 வரை லாஸ் ஏஞ்சலஸ் லேகர்ஸ், ஷார்லட் ஹார்னெட்ஸ், சேக்ரமெண்டோ கிங்ஸ் ஆகிய அணிகளுக்காக 1,134 ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பாவில் பிறந்து அங்கேயே பயிற்சி பெற்று, அச்சங்கத்தில் ஆயிரம் ஆட்டங்களைக் கடந்த முதல் வீரர் இவரே. 2019 ஆம் ஆண்டில் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்.

இவருடைய பெயரின் இறுதி எழுத்து செர்பிய மொழியில் "ட்ஸ்" என ஒலிக்கும். இலத்தீன் எழுத்துகளைப் பார்த்து "டிவாக்" எனப் படிப்பது பிழையாகும்.

எந்த நாட்டின் வீரர்?

டிவாட்ஸ் செர்பிய வீரர் என்று அறியப்பட்டாலும், "செர்பியா" என்ற பெயரில் விளையாடும் தேசிய அணிக்காக ஒருமுறையும் ஆடியதில்லை. அவர் விளையாடிய காலம் முழுவதும் அவருடைய தேசிய அணியின் பெயர் யூகோஸ்லாவியா என்பதே. ஆனால் அப்பெயர் இரண்டு வெவ்வேறு நாடுகளைக் குறித்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, செர்பியா, குரோவாசியா, சுலோவீனியா, பொசுனியா எர்செகோவினா, மாக்கடோனியா, மொண்டெனேகுரோ என ஆறு குடியரசுகள் சேர்ந்திருந்த சோசலிசக் கூட்டாட்சி. இது 1991–92 இல் போர்களுக்கிடையே சிதறியது. இரண்டாவது, செர்பியாவும் மொண்டெனேகுரோவும் மட்டும் சேர்ந்து 1992 இல் அமைத்துக்கொண்ட கூட்டாட்சி. இது 2003 பெப்ரவரியில் "செர்பியாவும் மொண்டெனேகுரோவும்" எனப் பெயர் மாற்றிக்கொண்டது. செர்பியா தனி நாடானது 2006 இல். அதற்கு முந்தைய ஆண்டே டிவாட்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஆகவே அவர் வென்ற பதக்கங்களைப் பார்ப்பவர்கள் 1991 க்கும் 1995 க்கும் இடையில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. அக்கோட்டிற்கு முன்னிருந்த அணியில் குரோவாசியர்களும் சுலோவீனியர்களும் அவருடைய அணித்தோழர்கள். பின்னிருந்த காலத்தில் அவர்களே எதிரணியினர்.

இளமையும் பார்ட்டிசானும்

டிவாட்ஸ் தென்மேற்குச் செர்பியாவில், லிம் ஆற்றங்கரையிலுள்ள பிரியெபோலியே என்ற சிறு நகரில் பிறந்தார். செர்பியர்களும் பொசுனிய முசுலிம்களும் கலந்து வாழும் ஊர் அது. பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுக் கிராலியெவோ நகருக்குச் சென்று, அங்குள்ள ஸ்லோகா கழகத்தில் 1983 முதல் ஆடினார். 1986 இல் தலைநகர் பெல்கிரேடின் பார்ட்டிசான் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அக்காலப் பார்ட்டிசான் அணியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். துஷ்கோ வுயோஷெவிச் பயிற்சியாளர். அலெக்சாண்டர் ஜோர்ஜெவிச், ஜார்கோ பாஸ்பால் முதலியோர் உடன் ஆடியவர்கள். பின்னாளில் ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற பயிற்சியாளரான ஜெல்கோ ஒப்ரடோவிச்சும் அன்று அவ்வணியின் வீரரே. இவ்வணி 1987 இல் யூகோஸ்லாவிய வெற்றிக்கிண்ணத் தொடரையும் 1989 இல் ஐரோப்பியக் கொராச் கிண்ணத்தையும் வென்றது.

தேசிய அணிக்கு 18 வயதில் டிவாட்ஸை அழைத்தவர் கிரெஷிமிர் சோசிச். குரோவாசியரான சோசிச் தம் காலத்தில் பெரிய நடுநிலை வீரராக இருந்தவர். உயரமான வீரன் வளையத்தடியில் நின்று பந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வெளியே வந்து மற்றவர்களுக்குப் பந்தை வழங்கலாம் என்று ஆடிக் காட்டியவர். டிவாட்ஸிடம் பிற்காலத்தில் அமெரிக்கர்கள் கண்டு வியந்த திறமைக்கு யூகோஸ்லாவியாவில் ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது.

அந்த 1986 உலகப் போட்டி டிவாட்ஸுக்குக் கசப்பாக முடிந்தது. மாட்ரிட்டில் நடந்த அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்திற்கு எதிராக, ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தபோது, யூகோஸ்லாவியா ஒன்பது புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. சோவியத் வீரர்கள் அடுத்தடுத்து இரண்டு மூன்று-புள்ளி எறிதல்களைப் போட்டனர். அதன்பின் பந்தை வைத்திருந்த டிவாட்ஸ், தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்த பின்பு மீண்டும் தட்டிவிட்டார். இது விதிமீறலாகும், பந்து எதிரணிக்குச் சென்றது. சோவியத் அணி மூன்றாவது எறிதலையும் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 91–90 என வென்றது. யூகோஸ்லாவியாவிற்கு வெண்கலமே கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம், 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெள்ளி, 1989 இல் சாக்ரெப் நகரில் ஐரோப்பியத் தங்கம் என அவ்வணி ஏறிச் சென்றது. டிராஜென் பெட்ரோவிச், டோனி குகோச், டினோ ராஜா, டிவாட்ஸ், பாஸ்பால் ஆகியோர் ஒன்றாக ஆடிய அந்த அணியை ஐரோப்பா கண்ட மிகச் சிறந்த தேசிய அணி எனப் பலர் கருதுகின்றனர்.

அமெரிக்காவில் முதல் ஆண்டுகள்

என்.பி.ஏ. அணிகள் ஒவ்வோர் ஆண்டும் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். 1989 தேர்வில் டிவாட்ஸ் 26 ஆவது இடத்தில் லேகர்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டுதான் கரீம் அப்துல்-ஜப்பார் ஓய்வு பெற்றிருந்தார். அந்த இடத்தில் நிற்க வந்த இளைஞருக்கு ஆங்கிலம் ஏறக்குறையத் தெரியாது. மேஜிக் ஜான்சன் அவருக்கு ஆசானாக அமைந்தார். முதற்பருவ முடிவில் புதுமுக வீரர்களின் சிறந்த ஐவருள் ஒருவராக டிவாட்ஸ் தேர்வானார்.

அதே 1989 இல் ஐரோப்பாவிலிருந்து என்.பி.ஏ.விற்கு வந்தவர்களுள் பெட்ரோவிச், பாஸ்பால், லித்துவேனியாவின் சருனாஸ் மார்ச்சுலியோனிஸ், உக்ரைனின் அலெக்சாண்டர் வோல்கோவ் ஆகியோரும் அடங்குவர். ஐரோப்பியர்கள் உடல்வலு குறைந்தவர்கள், தடுப்பாட்டம் அறியாதவர்கள் என்ற எண்ணம் அன்று பயிற்சியாளர்களிடையே பரவலாக இருந்தது. 1991 இல் லேகர்ஸ் இறுதிச்சுற்றுக்குச் சென்று மைக்கல் ஜோர்டனின் சிக்காகோ புல்ஸ் அணியிடம் 4–1 எனத் தோற்றபோது, அவ்வணியின் முதல் ஐவருள் ஒருவராக டிவாட்ஸ் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஜான்சன் எச்.ஐ.வி. தொற்றை அறிவித்து விலகினார்; லேகர்ஸ் சரிந்தது. பின்வந்த மெலிந்த ஆண்டுகளில் அணியைத் தாங்கியவர்களுள் டிவாட்ஸ் முக்கியமானவர். 1993–94, 1994–95 ஆகிய இரு பருவங்களிலும் ஆட்டமொன்றுக்குச் சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட மீள்பந்துகளை, அதாவது வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பும் பந்துகளை, அவர் கைப்பற்றினார்.

பெட்ரோவிச்சும் கொடியும்

டிவாட்ஸின் வாழ்க்கையில் மிகவும் பேசப்பட்ட நிகழ்வு பந்தைப் பற்றியதன்று.

குரோவாசியாவின் சிபெனிக் நகரில் பிறந்த டிராஜென் பெட்ரோவிச்சும் டிவாட்ஸும் தேசிய அணியில் நெருங்கிய நண்பர்கள். அமெரிக்காவில் முதல் ஆண்டில் பெட்ரோவிச் போர்ட்லாண்டில் பெரும்பாலும் இருக்கையிலேயே அமர்த்தப்பட்டு மனம் நொந்திருந்தார். அப்போது இருவரும் நாள்தோறும் தொலைபேசியில் பேசிக்கொண்டதாக டிவாட்ஸ் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

1990 ஆகஸ்டில் அர்கெந்தீனாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டி இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியா சோவியத் ஒன்றியத்தை 92–75 என வென்றது. வீரர்களும் ரசிகர்களும் களத்தில் கூடி மகிழ்ந்தபோது ஒருவர் குரோவாசியக் கொடியுடன் உள்ளே ஓடிவந்தார். டிவாட்ஸ் அக்கொடியை அவரிடமிருந்து பறித்தார். சில நொடிகளில் முடிந்துபோன செயல் இது.

அந்த நொடிகளுக்கு ஏன் இத்தனை கனம் ஏற்பட்டது என்பதை அறிய அவ்வாண்டின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 1990 வசந்தத்தில் குரோவாசியாவில் நடந்த பலகட்சித் தேர்தலில் தேசியவாதிகள் வென்றிருந்தனர். மே 13 அன்று சாக்ரெப்பில் தினாமோ – சிவப்பு விண்மீன் கால்பந்தாட்டம் குரோவாசிய, செர்பிய ரசிகர்களின் கலவரமாக முடிந்திருந்தது. ஒரு கொடியைத் தூக்குவதும் கீழே இறக்குவதும் அரசியல் அறிக்கையாகிவிட்ட காலம் அது. டிவாட்ஸின் விளக்கம் இன்றுவரை ஒன்றுதான்: வெற்றி யூகோஸ்லாவியா முழுமைக்கும் உரியது, செர்பியக் கொடியுடன் ஒருவர் வந்திருந்தாலும் அவ்வாறே செய்திருப்பேன் என்பதாகும். அவ்விளக்கத்தை ஐயுற இடமில்லை எனினும், செய்தவரின் எண்ணம் அன்று எவருக்கும் முக்கியமாகப் படவில்லை. செர்பிய ஊடகங்கள் அவரை வீரனாக்கின. குரோவாசிய ஊடகங்கள் பகைவனாக்கின. அவர் கேட்காத இரண்டு வேடங்கள் ஒரே நேரத்தில் அவர்மீது ஏற்றப்பட்டன.

பெட்ரோவிச் படிப்படியாக விலகிப் பின்னர் பேச்சையே நிறுத்திக்கொண்டார். 1991 ஜூனில் ரோம் நகரில் ஐரோப்பியப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, 25 ஆம் நாள் சுலோவீனியாவும் குரோவாசியாவும் விடுதலையை அறிவித்தன. சுலோவீனிய வீரர் யூரே ஸ்தோவ்ட்ஸ் தம் குடியரசின் அறிவுறுத்தலின்படி அரையிறுதிக்கு முன்பே அணியை விட்டு வெளியேறினார். எஞ்சியவர்கள் இத்தாலியை 88–73 என வென்று தங்கம் பெற்றனர். குரோவாசியரும் செர்பியரும் சேர்ந்து வென்ற கடைசித் தங்கம் அது. பெட்ரோவிச் அப்போட்டியில் ஆடவில்லை.

1992 மே மாதம் ஐக்கிய நாடுகள் அவை விதித்த தடையால், செர்பியாவும் மொண்டெனேகுரோவும் அமைத்த புதிய கூட்டாட்சியின் அணிகள் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. பார்சிலோனா ஒலிம்பிக்கில் குரோவாசியா, பெட்ரோவிச்சின் தலைமையில், அமெரிக்காவிற்கு அடுத்து வெள்ளி வென்றது. டிவாட்ஸ் அங்கு இல்லை. இருவரும் ஒரே நாட்டில், ஒரே கூட்டமைப்பில் தொழில் புரிந்தும், களத்தில் எதிரெதிரே நின்றபோதும் பேசிக்கொள்ளவில்லை. 1993 ஜூன் 7 அன்று செருமனியில் இங்கோல்ஸ்டாட் நகருக்கு அருகே நெடுஞ்சாலை விபத்தில் பெட்ரோவிச் உயிரிழந்தார். அவருக்கு வயது 28.

2010 இல் வெளிவந்த "ஒன்ஸ் பிரதர்ஸ்" என்ற ஆவணப்படம் இந்நட்பைப் பற்றியது. அதில் டிவாட்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் சாக்ரெப் செல்கிறார். பெட்ரோவிச்சின் தாயையும் அண்ணனையும் சந்திக்கிறார். மிரோகோய் கல்லறைத் தோட்டத்தில் நண்பனின் கல்லறைமுன் நிற்கிறார். படம் டிவாட்ஸின் பார்வையிலேயே சொல்லப்படுகிறது என்பதை மறக்கலாகாது. பெட்ரோவிச் தம் தரப்பைச் சொல்ல இல்லை.

மீண்டும் பன்னாட்டுக் களத்தில்

தடை நீங்கிய பின் புதிய யூகோஸ்லாவியா 1995 இல் ஏதென்ஸ் நகரின் ஐரோப்பியப் போட்டிக்குத் திரும்பியது. ஜோர்ஜெவிச் 41 புள்ளிகள் குவித்த இறுதியாட்டத்தில் லித்துவேனியாவை 96–90 என வென்று தங்கம் பெற்றது. வெண்கலம் வென்ற குரோவாசிய வீரர்கள், யூகோஸ்லாவியருக்குப் பதக்கம் வழங்கும் முன் மேடையை விட்டு இறங்கிச் சென்றனர். அவர்களுள் டிவாட்ஸுடன் முன்பு ஒரே சட்டையை அணிந்து ஆடியவர்களும் இருந்தனர்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளியும் 1999 ஐரோப்பியப் போட்டியில் வெண்கலமும் கிட்டின. 2002 உலகப் போட்டி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்தது. என்.பி.ஏ. வீரர்களைக் கொண்ட அமெரிக்க அணியைக் காலிறுதியில் 81–78 என்றும், அர்கெந்தீனாவை இறுதியில் கூடுதல் நேரத்தில் 84–77 என்றும் யூகோஸ்லாவியா வென்றது. அடுத்த ஐந்து மாதங்களில் அந்நாட்டின் பெயர் மறைந்தது. யூகோஸ்லாவியா என்ற பெயரில் கூடைப்பந்தாட்டத்தில் பெற்ற கடைசி உலகத் தங்கம் இதுவாகும்.

பதினேழு வயதுச் சிறுவனுக்கு மாற்றாக

1996 கோடையில் லேகர்ஸ் நிருவாகி ஜெர்ரி வெஸ்ட் இரண்டு இலக்குகளை வைத்திருந்தார். ஒன்று, ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் செல்லும் உரிமை பெற்றிருந்த ஷாகில் ஓனீலைச் சேர்ப்பது. என்.பி.ஏ.வில் அணியின் மொத்தச் சம்பளத்திற்கு வரம்பு உண்டு. எனவே டிவாட்ஸின் சம்பளம் கணக்கிலிருந்து நீங்கினால்தான் ஓனீலுக்கு இடம் கிடைக்கும். மற்றொன்று, உயர்நிலைப் பள்ளியை அப்போதே முடித்திருந்த, பதினேழு வயதான கோபி பிரயன்ட். ஷார்லட் ஹார்னெட்ஸ் அணி தன் 13 ஆவது தேர்வில் பிரயன்ட்டை எடுத்து லேகர்ஸுக்கு வழங்கவும், பதிலுக்கு டிவாட்ஸைப் பெறவும் உடன்பாடு ஆனது.

டிவாட்ஸ் மறுத்தார். குடும்பம் லாஸ் ஏஞ்சலசில் வேரூன்றிவிட்டது, வேறிடம் செல்வதைவிட ஓய்வு பெறுவேன் என்றார். அவர் உண்மையிலேயே ஓய்வு பெற்றிருந்தால் மாற்றம் முறிந்திருக்கும். கூடைப்பந்தாட்டத்தின் அடுத்த இருபது ஆண்டுகள் வேறு விதமாக அமைந்திருக்கலாம். வெஸ்டுடன் பேசிய பின் அவர் இணங்கினார்; ஜூலை 11 அன்று மாற்றம் உறுதியானது. வரலாற்றில் மிகவும் ஒருதலைப்பட்சமான மாற்றம் என இதைக் குறிப்பிடுவது வழக்கம். எனினும் டிவாட்ஸ் வந்த முதற்பருவத்தில் ஷார்லட் 54 வெற்றிகள் பெற்று, அதுவரையிலான தன் மிகச் சிறந்த பருவத்தைக் கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

சேக்ரமெண்டோ கிங்ஸ்

1999 சனவரியில் டிவாட்ஸ் சேக்ரமெண்டோ கிங்ஸ் அணியில் சேர்ந்தார். 1985 இல் அந்நகருக்கு வந்ததிலிருந்து கிங்ஸ் அணி எந்தப் பருவத்திலும் தோல்விகளை விஞ்சும் அளவு வெற்றி பெற்றதில்லை. கிறிஸ் வெபர், ஜேசன் வில்லியம்ஸ், டிவாட்ஸ், சக செர்பியரான பேஜா ஸ்டோயாகொவிச் ஆகியோர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்த அந்த முதற்பருவத்திலேயே நிலைமை மாறியது. அப்பருவம் நடந்துகொண்டிருந்த மார்ச் 24 அன்றுதான் நேட்டோ படைகள் யூகோஸ்லாவியா மீது குண்டு வீசத் தொடங்கின. டிவாட்ஸும் ஸ்டோயாகொவிச்சும் தம் தாய்நாட்டின் மீது குண்டு விழும் செய்திகளுக்கிடையே அமெரிக்க அரங்குகளில் விளையாடினர்.

ரிக் அடெல்மன் பயிற்றுவித்த இவ்வணியின் ஆட்டமுறை டிவாட்ஸின் திறமைக்கு ஏற்றது. பொதுவாக நடுநிலை வீரர் வளையத்திற்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கித் தாமே புள்ளி எடுக்க முயல்வார். டிவாட்ஸோ ஃப்ரீ த்ரோ கோட்டருகே, வளையத்தைப் பார்த்து நிற்பார். அவரைத் தடுக்கும் உயரமான எதிரணி வீரரும் வெளியே வர வேண்டியிருப்பதால் வளையத்தடி காலியாகும். அந்த இடத்திற்குள் பின்புறமாக நுழையும் தோழனுக்கு டிவாட்ஸ் தோளுக்கு மேலாகவோ முதுகுக்குப் பின்னாலோ பந்தை வழங்குவார். அவர் வேகமாக ஓடக்கூடியவரல்லர், உயரத் தாவக்கூடியவருமல்லர். அடுத்த நொடியில் யார் எங்கே இருப்பார் என்பதை அறிந்திருந்தார்.

அவரைப் பற்றிய மற்றொரு பெயர் அவ்வளவு நல்லதன்று. எதிரணி வீரர் லேசாக இடித்தாலும் பலமாக மோதப்பட்டவர்போல் விழுந்து, நடுவரிடமிருந்து தவறு பெறுவதில் அவர் தேர்ந்தவர். தம்மைவிடப் பல மடங்கு வலியவரான ஓனீலுக்கு எதிராக இதை அவர் அதிகம் கையாண்டார். ஓனீல் இதை வெளிப்படையாகவே பழித்தார். இவ்வாறு நடித்து விழுவோருக்கு என்.பி.ஏ. 2012 இல் தண்டத்தொகை கொண்டுவந்தது; 2023 முதல் களத்திலேயே தண்டனை உண்டு.

கிங்ஸ் அணியின் உயரத்திற்குத் தடையாக நின்றது லேகர்ஸ், அதாவது டிவாட்ஸை அனுப்பிப் பெற்ற இருவரின் அணி. 2000, 2001, 2002 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிங்ஸ் அதே அணியிடம் தோற்று வெளியேறியது. இவற்றுள் 2002 மேற்குப் பிரிவு இறுதி மறக்க இயலாதது. அப்பருவத்தில் கிங்ஸ் 61 வெற்றிகளுடன் முதலிடம் பெற்றிருந்தது. ஏழு ஆட்டத் தொடரில் 2–1 என முன்னிலையில் இருந்தபோது, நான்காவது ஆட்டத்தில் (மே 26) லாஸ் ஏஞ்சலசில் 24 புள்ளிகள் வரை முந்தியிருந்தது. இறுதி நொடிகளில் 99–97. பிரயன்ட் எறிந்தது தவறியது, ஓனீல் எறிந்ததும் தவறியது. பந்து மீண்டும் ஓனீல் கைக்குச் செல்லாதிருக்க டிவாட்ஸ் அதை வெளிநோக்கித் தட்டிவிட்டார். அது மூன்று-புள்ளிக் கோட்டருகே தனியாக நின்ற ராபர்ட் ஹோரியிடம் சென்றது. அவர் எறிந்த பந்து வளையத்தில் விழ, லேகர்ஸ் 100–99 என வென்றது. டிவாட்ஸ் செய்தது பிழையன்று. பயிற்சியாளர் எவரும் அதைத்தான் செய்யச் சொல்வார்.

ஆறாவது ஆட்டத்தில் நான்காம் கால்பகுதியில் மட்டும் லேகர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோக்கள் வழங்கப்பட்டமை இன்றும் சர்ச்சைக்குரியது. ஏழாவது ஆட்டத்தில் நடுவர்களைக் குறைகூற இடமில்லை; சொந்த அரங்கில் கிடைத்த 30 ஃப்ரீ த்ரோக்களில் 14 ஐக் கிங்ஸ் தவறவிட்டு, கூடுதல் நேரத்தில் 112–106 எனத் தோற்றது. அவ்வணி அதன்பின் அத்தனை அருகில் சென்றதில்லை. டிவாட்ஸ் என்.பி.ஏ. வெற்றிக்கிண்ணம் எதையும் பெறாமலே, 2004–05 இல் மீண்டும் லேகர்ஸ் அணியில் முதுகுக் காயத்தால் 15 ஆட்டங்கள் மட்டுமே ஆடி, 2005 கோடையில் ஓய்வு பெற்றார்.

அவருடைய மொத்தக் கணக்கு 13,398 புள்ளிகள், 9,326 மீள்பந்துகள், தோழர்கள் புள்ளி பெற வழங்கிய 3,541 பந்துகள், தடுத்த எறிதல்கள் 1,631 ஆகும். நான்கிலும் இந்த அளவை எட்டியோர் மிகச் சிலரே.

பிற்காலம்

சமூகப் பணிகளுக்காக 2000 ஆம் ஆண்டு என்.பி.ஏ.வின் வால்டர் கென்னடி விருது பெற்ற டிவாட்ஸ், 2007 இல் மனைவியுடன் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை மூலம் போர்களால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வீடுகள் கிடைக்க உதவினார். 2009 முதல் 2017 வரை செர்பிய ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். கிங்ஸ் அணி அவருடைய 21 ஆம் எண்ணை 2009 மார்ச் 31 அன்று ஓய்வளித்துச் சிறப்பித்தது.

நிருவாகியாக அவர் பெற்ற பெயர் வீரராகப் பெற்றதற்கு ஈடாகாது. 2015 இல் கிங்ஸ் அணியின் நிருவாகப் பொறுப்பேற்றார். 2018 வீரர் தேர்வில் இரண்டாவது வாய்ப்பு கையிலிருந்தும், சுலோவீனியாவின் லூக்கா டோன்சிச்சை விட்டு மார்வின் பேக்லியைத் தேர்ந்தெடுத்தார். டோன்சிச் விரைவிலேயே உலகின் முன்னணி வீரர்களுள் ஒருவரானார். ஐரோப்பியர்களை நம்பத் தயங்கிய காலத்தில் அமெரிக்கா சென்று வழிதிறந்த ஒருவரே அவரைக் கைவிட்டது விந்தைதான். டிவாட்ஸின் நிருவாகத்தில் கிங்ஸ் ஒருமுறையும் பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. 2020 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார்.

உயரமான வீரரே ஆட்டத்தை இயக்கும் முறை இன்று புதுமையாகக் கருதப்படுவதில்லை. செர்பியாவின் சொம்போர் நகரைச் சேர்ந்த நடுநிலை வீரர் நிக்கோலா யோக்கிச் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2023 இல் டென்வர் நக்கெட்ஸ் அணியுடன் வெற்றிக்கிண்ணத்தையும் வென்றார்.